தேத்தண்ணிக் கோப்பையும் எம்பிராய்டரி மெசினும்

2023 ஆம் ஆண்டு இறுதியில், கண்டியில் உல்லாசப் பயணிகளுக்கு நினைவுப் பொருட்கள் விற்கும் ஒரு சகோதரர் என்னிடம் ஓடர் ஒன்று தந்தார். கோப்பை துடைக்கும் துவாய் 240. ஒவ்வொன்றிலும் தேயிலை சம்பந்தமான எம்பிராய்டரி வேலை இருக்க வேண்டும். துணி என்னுடையது. தைப்பது என் தங்கச்சியின் மகன். அவனிடம் இரட்டைத் தலை கொம்பியூட்டர் மெசின் ஒன்று இருக்கிறது. டிசைனுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "கவலைப்படாதீங்க மாமா, பென் டிரைவ்ல ஆயிரக்கணக்கில் இருக்கு" என்றான். யாரோ ஒரு கூட்டாளி கொப்பி பண்ணிக் கொடுத்ததாம். அதில் தேயிலைக்கென்றே தனிப் பகுதி இருந்தது. கோப்பை, கேத்தல், றோசாப்பூ, பூனைக்குட்டி எல்லாம் இருந்தன. கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவளையே தெரிவு செய்தோம்.

முதல் துவாய் மெசினிலிருந்து வந்ததும் கடையில் வேலை செய்யும் பிள்ளையிடம் காட்டினேன். அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். பார்த்துவிட்டு, "முதலாளி, இது எங்க தோட்டத்துப் பொம்பளை இல்லையே. தலையில என்னா இது, கூடையைக் கவுத்த மாதிரி?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்துவிட்டு மிகுதியையும் தைத்து அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து 187 துவாய்கள் திரும்பி வந்தன. அவற்றைப் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர், "இது வியட்நாமில் போடும் கூம்புத் தொப்பி அல்லவா, இலங்கைத் தேயிலைக்கு இது எப்படி வந்தது?" என்று கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். விற்ற 53 க்கு மட்டும் காசு வந்தது.

நட்டம் என்னுடையது, தவறும் என்னுடையதே. ஆனால் இந்தத் தவறு என் கடையில் மட்டும் நடப்பதல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன். இன்று நமது சகோதரர்களில் பலர் எம்பிராய்டரி மெசின் போட்டிருக்கிறார்கள். பாடசாலைச் சின்னம், கம்பனிச் சட்டை, அபாயா வேலை என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு சேர்த்து நினைவுப் பொருள் வியாபாரத்திலும் இறங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் தேயிலையை விற்கும் நாட்டிலிருந்துகொண்டு, தேயிலை பற்றிய படத்தை யாரோ ஒருவர் எங்கோ வரைந்ததிலிருந்து இரவல் வாங்குகிறோம். அந்தப் படத்தில் இருப்பது சரியா பிழையா என்று பார்க்கும் அறிவும் நம்மிடம் இல்லை. நான் முப்பது வருடமாகத் தேத்தண்ணி குடித்துக் குடித்தே வியாபாரம் பேசியவன். ஆனாலும் தேயிலையின் சரித்திரம் எனக்குத் தெரியாது. அந்த 187 துவாய்களும் வந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

படித்தபோது முதலில் ஆச்சரியப்பட வைத்தது நமது ஆட்களின் கதைதான். ஹிஜ்ரி 237 இல், அதாவது கி.பி. 851 இல், சீனாவுக்குக் கப்பலில் போய்வந்த முஸ்லிம் வணிகர்கள் சொன்னவை அரபியில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. சுலைமான் என்ற வணிகரின் பெயரோடு சேர்த்து அறியப்படும் தொகுப்பு அது. சீனர்கள் ஒரு இலைக்குக் கொதிநீர் ஊற்றிக் குடிக்கிறார்கள், அதன் பெயர் 'ஸாக்', வாசனையுள்ளது, ஆனால் கசப்பு, எல்லா நகரங்களிலும் நல்ல விலைக்குப் போகிறது, உப்பைப் போலவே இதன் வருமானமும் அரசருக்கே போகிறது என்று அதில் இருக்கிறது. ஒரு வியாபாரியின் கண் எங்கே போகிறது பாருங்கள்! ருசியைச் சொன்ன கையோடு விலையையும் வரியையும் சொல்லிவிட்டார். ஐரோப்பாவில் தேயிலை இறங்குவதற்கு ஏழு நூற்றாண்டுக்கும் முந்திய பதிவு இது.

சீனாவில் அதற்கும் முன்னரே, எட்டாம் நூற்றாண்டில், லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் தேயிலையை அவித்து இடித்துக் கட்டியாக்கி, பிறகு தூளாக்கிக் கொதிக்க வைத்தார்கள். அடுத்து வந்த சொங் அரச காலத்தில் தூளைக் கிண்ணத்தில் போட்டுச் சுடுநீர் ஊற்றி, மூங்கில் துடைப்பம் போன்ற ஒன்றால் நுரைக்க அடித்தார்கள். ஜப்பானியர் இன்றும் விடாமல் வைத்திருப்பது அந்த முறையைத்தான். 1391 இல் மிங் பேரரசர் கட்டித் தேயிலையைத் திறையாகச் செலுத்த வேண்டாம், உதிரி இலையாகவே கொடுங்கள் என்று கட்டளையிட்டார். இலையை ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் அதன் பிறகே பரவலானது. ஊறவைக்க ஒரு பாத்திரம் வேண்டுமல்லவா? நாம் படம் போடுகிற மூக்குள்ள தேநீர்ப் பானை அப்படித்தான் முக்கியத்துவம் பெற்றது.

இதில் எம்பிராய்டரிக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மருமகனின் பென் டிரைவில் 'பழைய சீனா' என்று ஒரு படம் இருக்கிறது. கவிஞர் போன்ற ஒருவர் மூக்குள்ள பானையிலிருந்து கைபிடியுள்ள கோப்பையில் ஊற்றுகிறார். அந்தக் கைபிடி சீனாவுக்குரியதே அல்ல. சீனக் கிண்ணத்துக்குக் கைபிடி கிடையாது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் ஐரோப்பியர்களின் விரல் சுட்டதால், அவர்களுடைய பீங்கான் தொழிற்சாலைகளில் 18 ஆம் நூற்றாண்டில் கைபிடி வைப்பது வழக்கமானது. சீன நாட்டவர் ஒருவருக்கு அந்தத் துணியை விற்கப் போனால், எனக்குத் தொப்பியால் நடந்ததுதான் உங்களுக்குக் கைபிடியால் நடக்கும்.

ஆங்கிலேயர் கதை நமக்கு ஓரளவு தெரிந்தது. 1662 இல் போர்த்துக்கேய இளவரசி கத்தரின், இரண்டாம் சார்ள்ஸ் மன்னரை மணந்து வந்தபோது தேநீர்ப் பழக்கத்தையும் கொண்டுவந்தார். அரண்மனையில் நடப்பதைப் பணக்காரர்கள் பார்த்துச் செய்தார்கள். விலை அதிகம். வரியோ அதைவிட மோசம். 1784 வரை 119 வீதமாக இருந்த வரியை அந்த ஆண்டில் 12.5 வீதமாகக் குறைத்த பிறகுதான் கள்ளக் கடத்தல் படுத்தது, சட்டப்படி வந்த தேயிலையின் விற்பனை ஏறியது. (நமது நாட்டில் வரி போடுபவர்கள் இதைப் படித்தால் நல்லது. படிக்க மாட்டார்கள்.) இடையில் 1773 டிசம்பர் 16 இல் அமெரிக்காவின் பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியதும் தேயிலை வரிச் சண்டையில்தான்.

அந்தக் காலத்து இங்கிலாந்திலிருந்து நமது தொழிலுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு விடயம் இருக்கிறது. நீல நிறத்தில் ஒரு பாலம், வளைந்த மரம், இரண்டு பறவைகள் போட்ட பீங்கான் கோப்பைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய வீடுகளின் அலுமாரியில் இன்றும் இருக்கும். அது சீனச் சித்திரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் குயவர்கள் சீனப் பாணியைப் பார்த்து வரைந்தது. அந்தப் படத்துக்கு ஒரு காதல் கதையும் கட்டிவிட்டார்கள். கதை சீனாவிலிருந்து வந்ததல்ல, விற்பனைக்காகப் புனையப்பட்டது. இன்றுவரை அது விற்கிறது. படத்தோடு கதை இருந்தால் சாமான் போகும் என்பதை அவர்கள் 200 வருடத்துக்கு முன்னரே புரிந்துகொண்டார்கள். அவர்கள் இல்லாத கதையை இட்டுக்கட்டினார்கள். நமக்கு உள்ள கதையே போதும், அதைச் சரியாகச் சொல்லத்தான் நாம் தயாரில்லை.

நமது கதை என்ன? 1824 இல் சீனாவிலிருந்து தேயிலைக் கன்று பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அப்போது அது வியாபாரப் பயிரல்ல. மலைநாடு முழுக்கக் கோப்பிதான். 1867 இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்ட பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869 இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் போல ஒரு பங்கசு நோய் வந்தது. சில வருடங்களில் கோப்பித் துரைமார் பலர் கடனாளியானார்கள். தப்பியவர்கள் டெய்லரின் பயிருக்கு மாறினார்கள். 1873 இல் லண்டனுக்குப் போன இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். 1883 இல் கொழும்பில் ஏல விற்பனை தொடங்கியது. 1890 இல் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கி, தேயிலையைப் பக்கற்றில் அடைத்து, நடுத்தர மக்கள் வாங்கும் விலைக்கு விற்றார். 1972 இல் நாட்டின் பெயர் ஸ்ரீ லங்கா என்று மாறியபோதும் தேயிலைக்குச் 'சிலோன்' என்ற பெயரையே விட்டுவைத்தார்கள். பெயரின் பெறுமதி அப்படி.

இந்த 23 இறாத்தலையும் 19 ஏக்கரையும் பற்றி ஒரு சிறிய அட்டையில் மூன்று வரி அச்சடித்துத் துவாயோடு கட்டினால் என்ன செலவு? ஒரு பிளேன்டீயின் விலைகூட வராது.

இனி மெசின் விடயத்துக்கு வருகிறேன். இதில் நட்டப்பட்டவன் என்ற உரிமையோடு பேசுகிறேன். மெசின் எம்பிராய்டரி புதிய தொழிலல்ல. 1828 இல் பிரான்சின் முலூஸ் நகரத்து ஹைல்மன், பல ஊசிகள் ஒன்றாகத் தைக்கும் கைமெசினைச் செய்தார். 1863 இல் சுவிற்சர்லாந்தின் ஈசாக் குரோப்லி அதைவிட வேகமான ஷிஃப்லி மெசினைக் கொண்டுவந்தார். இப்போது நம்மிடம் இருப்பவை கொம்பியூட்டர் வந்த பிறகு வந்தவை. எந்த மெசினாக இருந்தாலும் படத்தைத் தையலாக மாற்றிக் கொடுப்பவன் மனிதன்தான். அந்த வேலைக்குத்தான் டிஜிடைசிங் என்று பெயர். நாம் காசு கொடுக்க மனம் வராத இடமும் அதுதான்.

எங்கள் தொப்பிக்காரிக்கு 18,000 தையல். மெசின் நிமிடத்துக்கு 700 தையல் போட்டாலும் நூல் மாற்றுவது, வெட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு அரை மணித்தியாலம். இரண்டு தலையிலும் சேர்த்து 240 துணிக்கு 120 தடவை, அதாவது 60 மணித்தியாலம். மின்சாரம், நூல், பின்னால் வைக்கும் பேப்பர், பையன்களின் சம்பளம் எல்லாம் அதற்குள். அது மட்டுமா? மெல்லிய பருத்தித் துணியில் நான்கு அங்குலச் சதுரத்துக்குள் அவ்வளவு தையல் இறங்கினால் அந்த இடம் பலகை மாதிரி ஆகிவிடும், சுற்றிவரச் சுருங்கும். பொலியெஸ்டர் நூல் தண்ணீர் உறிஞ்சாது. துடைப்பதற்காக விற்கிற துணி துடைக்காமல் போனால் அதை என்னவென்று சொல்வது?

கோப்பைத் துவாய்க்கு மூலையில் சிறிதாக, கோட்டுத் தையலில், 5,000 அல்லது 6,000 தையலுக்குள் முடிகிற படமே சரி. நிறைய நிரப்பிய படம் வேண்டுமென்றால் தேநீர்ப் பானையை மூடிவைக்கும் பஞ்சு உறைக்குப் போடலாம். அது தடிப்பானது, தாங்கும். ஆனால் பஞ்சு வைத்து மூட்டுவதற்கு முன்னர் மேல்துணியில் தைத்துவிட வேண்டும். ஆவி பறப்பதைக் காட்ட சிலர் வெள்ளை நூலால் தடிப்பாகத் தைக்கிறார்கள், புழு ஊர்வது போல இருக்கிறது. மெல்லிய சாம்பல் நூலில் ஒற்றைக் கோடு போதும். சாயத்தின் நிறமும் அப்படித்தான். கபில நிறத்தைப் போட்டால் சேற்றுத் தண்ணீர். செம்மஞ்சளும் பொன்னிறமும் கலந்து போட்டால்தான் நமது பிளேன்டீ.

இலையில்தான் கூடுதலான பிழை. தேயிலையில் இலைகள் தண்டில் மாறி மாறித்தான் வரும். எதிரெதிரே சோடியாக வருவது புதினா. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று சொல்லி, புதினாக் கொத்தைத் தைத்து விற்றதை நான் கண்ணால் பார்த்தேன். மொரோக்கோக்காரர் வாங்குவதாக இருந்தால் அது சரி. அவர்கள் சீனப் பச்சைத் தேயிலையில் புதினாவும் நிறையச் சீனியும் போட்டு, உயரத் தூக்கி ஊற்றிக் குடிப்பவர்கள்.

வாங்குபவர் யார் என்பதில்தான் நாம் இன்னும் கவனம் வைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். றோசாப்பூக் கோப்பை ஆங்கிலேயருக்குரியது. இங்கு வருபவர்கள் எல்லோரும் ஆங்கிலேயர்களா? ரஷ்யாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அவர்களுடைய வீட்டில் சமோவார், உலோகப் பிடிக்குள் வைத்த கண்ணாடிக் கிளாஸ். நமது தேயிலையைப் பெருமளவில் வாங்கும் ஈராக்கில் குடிப்பது இஸ்திகான் என்ற சிறு கிளாஸில். துருக்கியரின் கிளாஸ் நடுவில் இடுப்பு ஒடுங்கியது. ஈரானியர் சீனிக் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு குடிப்பார்கள். நமது உம்மாமார் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடித்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு கிளாஸ், பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டி. இந்தப் படத்தை இதுவரை எந்த நினைவுப் பொருள் கடையிலும் நான் காணவில்லை. மெசினுக்கு இதைவிட இலேசான வேலையும் கிடையாது.

பெயரும் வியாபாரப் பொருள்தான். சீனாவின் புகியன் கரையிலிருந்து ஒல்லாந்தர் கப்பலில் கொண்டுபோன இடமெல்லாம் 'தே' என்றானது. நமது 'தேயிலை' யிலும் சிங்களத் 'தே' யிலும் இருப்பது அதுதான். தரைவழியாகப் போன இடங்களில் 'சா', 'சாய்', அரபியில் 'ஷாய்'. நான்கைந்து மொழியில் இந்தப் பெயர்களை ஒரு துணியின் ஓரத்தில் வரிசையாகத் தைத்தால் வரைபவனுக்குக்கூட வேலையில்லை. எழுத்து மிகச் சிறிதாக இருந்தால் நூல் அடைத்துக்கொள்ளும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சில மாதங்களுக்கு முன்னர் ஒருவர் வந்து தேயிலைப் பக்கற்றில் இருக்கும் சிங்க இலச்சினையைத் தொப்பியில் தைத்துத் தரச் சொன்னார். நல்ல தொகை. முடியாது என்றேன். அந்தச் சிங்கம் இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமான பதிவு செய்த வியாபாரக் குறி. இங்கேயே பக்கற்றில் அடைத்த, முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலைக்குக் கொடுப்பது. அனுமதியின்றி நாம் எடுத்துப் போட முடியாது. கோபித்துக்கொண்டு போய்விட்டார், வேறெங்கோ தைத்திருப்பார். பென் டிரைவ் டிசைன்களும் இதே கணக்குத்தான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வரைந்தவனுக்குக் காசு கொடுக்காத படத்தை வைத்துச் சம்பாதிப்பது ஹலாலா என்று என் மருமகனிடம் கேட்டேன். "எல்லாரும் செய்றாங்களே மாமா" என்றான். துணிக்கடையில் ஒருவர் ஒரு யார் துணியைக் காசில்லாமல் எடுத்துப் போனால் நாம் அப்படிச் சொல்வோமா? சொந்தமாக ஒரு டிசைன் செய்விக்க ஒரு தடவைதான் செலவு. அதை ஆயிரம் துணிக்குப் பாவிக்கலாம், பக்கத்துக் கடைக்காரரிடம் அது இருக்காது.

துணியும் நம்மிடமே இருக்கிறது. மருதமுனைக் கைத்தறி நெசவு பேர்போனது. சாரனுக்கும் சாரிக்கும் நெய்யும் அந்தக் கைகளுக்குப் பருத்தித் துவாய் நெய்வது பெரிய காரியமல்ல. இறக்குமதித் துணியில் இரவல் படத்தைத் தைத்துச் 'சிலோன்' என்று எழுதினால் அதில் சிலோன் எங்கே இருக்கிறது?

திருத்திய டிசைனை நாங்கள் வரைவித்தபோது, கடைப் பிள்ளை தன் தாயாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். இருபத்தைந்து வருடம் கொழுந்து எடுத்த அம்மா. கூடைக் கயிறு தலையில் எந்த இடத்தில் விழும், இடுப்பில் படங்கு எப்படிக் கட்டுவது என்றெல்லாம் பென்சிலால் கீறிக் காட்டி அனுப்பியிருந்தார். இப்போது பல இடத்தில் கூடைக்குப் பதில் சாக்குப் பை என்றும் சொல்லியிருந்தார். முகத்தைப் பார்த்துவிட்டு, "சிரிச்சிக்கிட்டேவா நாங்க கொழுந்து எடுக்கிறோம்?" என்று கேட்டாராம். முகத்தையே எடுத்துவிட்டோம். அவ்வளவு சிறிய அளவில் நூலால் முகம் தைத்தால் எப்படியும் பேய் மாதிரித்தான் வரும். இப்போது முதுகும் கூடையும் மட்டும், 5,800 தையல். வரைந்தவருக்குக் கொடுத்தது போல அந்த அம்மாவுக்கும் ஒரு தொகை கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார்.

கண்டிச் சகோதரர் இந்த முறை பயந்து பயந்து 60 மட்டும் எடுத்தார். மூன்று கிழமையில் இன்னும் 100 வேண்டும் என்று சொல்லியனுப்பினார், காசு மட்டும் இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. திரும்பி வந்த 187 இல் பெரும்பகுதி இன்னும் கடையின் பின்னறையில் இருக்கிறது. கொதிக்கிற கேத்தலை அடுப்பிலிருந்து இறக்க அதைத்தான் பாவிக்கிறோம். தண்ணீர் உறிஞ்சாவிட்டாலும் சூடு தாங்குகிறது.